ஊசி போட்ட அன்று ஓடலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

முகச் சுருக்கத்தைத் தளர்த்தும் ஊசி பற்றித் தங்கள் நாளிதழின் அழகுப் பக்கத்தில் வந்த குறிப்பைப் படித்தோம். ஊசி போட்டுக்கொண்டவர்கள் ஒரு வாரம் எந்த உடற்பயிற்சியும் செய்யக் கூடாது, செய்தால் மருந்து வியர்வையோடு வெளியேறிவிடும் என்று அதில் இருந்தது. ஒரே வாக்கியத்தில் இரண்டு பிழை. ஒரு வாரக் கெடு தேவையில்லாதது. வியர்வையில் மருந்து போவது நடக்காத காரியம். இதற்கு நேர் எதிராக, 'பத்து நிமிட வேலைதான், முடிந்ததும் அப்படியே ஜிம்முக்குப் போய்விடலாம்' என்று சொல்லி அனுப்புகிற இடங்களும் இருக்கின்றன. அதுவும் சரியில்லை. இந்த இரண்டு பேச்சுக்கும் நடுவே மாட்டிக்கொள்கிறவர்கள் தினமும் பயிற்சி செய்து பழகியவர்கள். அவர்களுக்குப் பயன்படும் என்றுதான் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

போடாக்ஸ் என்று எல்லோரும் சொல்வது ஒரு நிறுவனம் வைத்த வணிகப் பெயர். மருந்தின் பெயர் போட்டுலினம் டாக்சின் ஏ. நரம்பு முனையிலிருந்து அசிட்டைல்கோலின் என்ற ரசாயனம் வெளிப்பட்டால்தான் தசை சுருங்கும். இந்த மருந்து நரம்பு முனையில் ஒட்டி, உள்ளே நுழைந்து, அங்கிருக்கும் ஸ்நாப்-25 என்ற புரதத்தை வெட்டிவிடுகிறது. அந்தப் புரதம் இல்லாவிட்டால் அசிட்டைல்கோலின் வெளியே வர வழியில்லை. தசைக்குக் கட்டளை போய்ச் சேராது. இதெல்லாம் உடனே கண்ணுக்குத் தெரிவதில்லை. இரண்டு மூன்று நாளில் தசை தளரத் தொடங்கும், இரண்டு வாரத்தில் முழு விளைவும் தெரியும், மூன்று நான்கு மாதத்தில் நரம்பு தன் வேலைக்குத் திரும்பிவிடும்.

வியர்வைக் கதைக்கு வருவோம். மருந்து நரம்பு முனைக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. வியர்வை தோலில் உள்ள சுரப்பியிலிருந்து வருகிறது. ஒன்று மற்றொன்றை அடித்துக்கொண்டு போக வழியே இல்லை. உண்மையில் நடப்பது தலைகீழ்: வியர்வைச் சுரப்பியை இயக்குவதும் அசிட்டைல்கோலின்தான் என்பதால், மருந்துதான் வியர்வையை நிறுத்துகிறது. அக்குளில் அளவுக்கு மீறி வியர்ப்பவர்களுக்கு இதே ஊசியைப் போட அமெரிக்காவில் 2004இல் அனுமதி கிடைத்தது அதனால்தான். நெற்றியில் ஊசி போட்டவர் இரண்டு வாரம் கழித்து ஓடும்போது, நெற்றியின் நடுப்பகுதி மட்டும் உலர்ந்து கிடக்க, பக்கங்களில் வழக்கம்போல் வியர்வை ஓடலாம். பயப்பட ஒன்றுமில்லை. ஓடினால் உடம்புச் சூட்டில் மருந்து கெட்டுவிடும் என்பார்கள் சிலர். இந்த நச்சுப் புரதத்தைச் சிதைக்க 85 டிகிரி செல்சியசில் குறைந்தது 5 நிமிடம் சூடாக்க வேண்டும். எவ்வளவு வேகமாக ஓடினாலும் உடம்பு அதில் பாதிச் சூட்டைக்கூட எட்டாது.

அப்படியானால் எதற்குக் கட்டுப்பாடு? ஊசி போட்ட முதல் சில மணி நேரத்தில் மருந்தில் ஒரு பகுதி இன்னும் நீராகவே தசைக்குள் நிற்கிறது. புருவங்களுக்கு நடுவே விழும் கோட்டுக்கு வழக்கமான அளவு 20 யூனிட், 5 புள்ளிகளில், புள்ளிக்கு 4 யூனிட். 100 யூனிட் குப்பியில் 2.5 மில்லி உப்புநீர் விட்டுக் கலக்கினால் ஒவ்வொரு புள்ளிக்கும் 0.1 மில்லி, அதாவது ஏறத்தாழ இரண்டு சொட்டு. இந்த இரண்டு சொட்டு, போட்ட இடத்திலிருந்து சுற்றிலும் சுமார் ஒன்று முதல் ஒன்றரை சென்டிமீட்டர் வரை தன் வேலையைக் காட்டும். புருவத்தின் வெளிப்பக்கம் போடும் ஊசியைக் கண்குழி எலும்பின் விளிம்புக்குக் குறைந்தது 1 சென்டிமீட்டர் மேலே போட வேண்டும் என்று மருந்தோடு வரும் குறிப்பே சொல்கிறது. அந்த விளிம்புக்குப் பின்னால்தான் மேல் இமையைத் தூக்கும் தசை இருக்கிறது. மருந்து அங்கே எட்டிவிட்டால் இமை சரியும். ஆக, கையில் இருக்கும் இடைவெளி ஒரு விரல் அகலத்துக்கும் குறைவு. இந்த ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் எதைச் செய்யலாம், எதைத் தள்ளிப்போட வேண்டும் என்பதை யாரும் சொல்லாமலே ஊகித்துவிடலாம்.

நடப்பது, ஓடுவது, குதிப்பது இவற்றால் அந்த இரண்டு சொட்டு புருவத்தைத் தாண்டி ஓடிவிடும் என்பதற்குச் சான்று இல்லை. அழுத்தித் தேய்ப்பதுதான் விவகாரம். பயிற்சியின்போது நெற்றி வியர்வையைத் துடைக்கும் கையைக் கவனித்துப் பாருங்கள். துண்டு நெற்றியின் மேலே தொடங்குகிறது, புருவத்தை அழுத்திக்கொண்டு கீழே இறங்குகிறது, கண்குழிக்குள் ஒரு சுழற்று சுழற்றிவிட்டுக் கன்னத்துக்குப் போகிறது. மருந்து எந்தத் திசையில் போகக் கூடாதோ அதே திசை, ஒரு மணி நேரப் பயிற்சியில் இருபது முப்பது தடவை. ஓட்டத்தைவிட இந்தத் துண்டுக்குத்தான் நாங்கள் அஞ்சுவோம். முதல் நாள் வியர்க்க நேர்ந்தால் சுத்தமான துணியை வைத்து ஒற்றி எடுங்கள், இழுக்காதீர்கள். ஊசித் துளைகள் புதிதாக இருக்கும்போது, பலர் கைபட்ட டம்பெல்லைப் பிடித்த விரலால் அதே இடத்தைத் தடவுவது கிருமிக்கு வழிவிடுவதும் ஆகும்.

இரண்டாவது காரணம் ரத்தக்கட்டு. ஊசி மிக மெல்லியது, 30 முதல் 33 கேஜ் வரை. ஆனாலும் கண்ணோரத்தில் தோல் மெலிது, அடியிலேயே சிறு நாளங்கள். அவற்றில் ஒன்றில் ஊசி பட்டு, அடைபட்ட இடத்தில் ரத்த அழுத்தம் ஏறினால் மறுபடி கசியும். இதில்தான் பயிற்சிக்குப் பயிற்சி வித்தியாசம் வருகிறது. 1985இல் வெளியான ஓர் ஆய்வில், பளு தூக்கிப் பழகிய 5 பேருக்குக் கைத் தமனிக்குள்ளேயே குழாய் செருகி, இரண்டு கால்களாலும் பாரம் தள்ளும்போது ரத்த அழுத்தத்தை அளந்தார்கள். சராசரி உச்சம் 320/250. ஒருவருக்கு 480/350ஐத் தாண்டியது. அச்சுப்பிழை இல்லை, கையில் பட்டை கட்டிப் பார்க்கிறோமே, அதே மில்லிமீட்டர் கணக்குதான். மூச்சைப் பிடித்துக்கொண்டு தம் கட்டித் தூக்குவதால் வருவது இது. முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைப்பதெல்லாம் அதன் வெளித்தோற்றம். மெதுவாக நடக்கிறவருக்கு இப்படி எதுவும் நடப்பதில்லை. எனவே 'உடற்பயிற்சி கூடாது' என்று மொத்தமாகச் சொல்வதில் அர்த்தமில்லை. எந்தப் பயிற்சி என்று கேட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும்.

சரி, மணிக் கணக்கு. முதல் 4 மணி நேரம் தலை நிமிர்ந்திருக்க வேண்டும். உட்காரலாம், நிற்கலாம், வீட்டு வேலை பார்க்கலாம், பேச்சுத் துணையோடு சாவகாசமாக நடக்கலாம். படுக்கக் கூடாது, குனிந்து நெடுநேரம் எதையும் செய்யக் கூடாது. ஊசி போட்ட இடத்தில் கொசு கடித்ததுபோல் சிறு தடிப்பு எழும்பியிருக்கும். உள்ளே போன உப்புநீர்தான் அது, பெரும்பாலும் அரை மணிக்குள் தானாக அமுங்கிவிடும். அதை விரலால் அமுக்கி மட்டமாக்கப் பார்ப்பதுதான் அன்றைக்குச் செய்யக்கூடிய மோசமான வேலை.

4 மணியிலிருந்து 24 மணி வரை அன்றாட வாழ்க்கைக்குத் தடையில்லை. இரவு வழக்கம்போல் தூங்கலாம், குப்புறப் படுப்பதை மட்டும் ஒரு நாள் தவிர்த்தால் போதும். பயிற்சியில் அளவுகோல் இதுதான்: நடந்துகொண்டே முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா? முடிகிறது என்றால் அது அன்றைக்கு ஏற்ற வேகம். மூச்சு வாங்கி இரண்டு சொல்லுக்கு ஒரு முறை நிறுத்தினால் கூடுதல். டிரெட்மில்லில் ஏற்றம் வைப்பது, வேக ஓட்டம், கயிறு குதிப்பது, பளு தூக்குவது, குழுவாகச் செய்யும் அதிவேகப் பயிற்சி எல்லாம் மறுநாளைக்கு. சூடாக்கிய அறையில் செய்யும் யோகா, நீராவிக் குளியல், சானா இவற்றையும் ஒரு நாள் தள்ளிப்போடுங்கள். அங்கே அறைச் சூடே 40 டிகிரியைத் தொடும். முகத்து நாளங்கள் எல்லாம் விரிந்து நிற்கும், கட்டிய ரத்தம் மறுபடி கசியும், வீக்கம் கூடும்.

24 மணி ஆனதும் பயிற்சிக்குத் திரும்பலாம். முதல் நாளே பழைய எடைக்குப் போகாமல், வழக்கத்தில் பாதி அல்லது அதற்குக் கொஞ்சம் மேல் வைத்துக்கொண்டு, தூக்கும்போது மூச்சை வெளியே விட்டுச் செய்தால் நல்லது. கண்ணோரத்தில் நீலம் பாய்ந்திருந்தால் மட்டும் இன்னும் ஓரிரு நாள் கூடுதலாகப் பொறுத்து, நிறம் பரவுவது நின்ற பிறகு கனமான எடைக்குப் போகலாம். துணியில் சுற்றிய ஐஸை மேலே வைக்கலாம், ஒரு தடவைக்கு 10 நிமிடம், அமுக்காமல். ஒரு வாரம் பத்து நாளில் தழும்பில்லாமல் மறைந்துவிடும்.

இந்த 4 மணியும் 24 மணியும் எங்கிருந்து வந்தன என்று கேட்பது நியாயமான கேள்வி. இந்த மருந்துக்கு அமெரிக்காவில் முதல் அனுமதி 1989இல், மாறுகண்ணுக்கும் இமைத் துடிப்புக்கும். புருவ நடுக்கோட்டுக்கு 2002இல். இத்தனை வருடப் பழக்கம் இருந்தும், ஊசி போட்டதும் ஓடியவர்களையும் ஓடாதவர்களையும் பிரித்து வைத்துப் பெரிய அளவில் ஒப்பிட்ட ஆய்வு நடக்கவில்லை. இந்த மணிக் கணக்கு மருத்துவர்கள் அனுபவத்தில் ஒத்துக்கொண்ட ஒரு பாதுகாப்பு எல்லை, அவ்வளவுதான். அதனால்தான் ஒரு மருத்துவர் 6 மணி என்பார், இன்னொருவர் 2 நாள் என்பார். உங்களுக்கு ஊசி போட்டவர் சொன்னது இதைவிடக் கூடுதலாக இருந்தால் அதையே பின்பற்றுங்கள். அவருக்குத்தான் எங்கே, எவ்வளவு போட்டோம் என்று தெரியும்.

தலை கீழே போகிற ஆசனங்களைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் யோகா மென்மையான பயிற்சிதானே என்று பலர் அன்றைக்கே செய்துவிடுகிறார்கள். சிரசாசனம், சர்வாங்காசனம், அதோமுக சுவானாசனம், பாதஹஸ்தாசனம் எல்லாவற்றிலும் ரத்தம் முகத்துக்கு இறங்கும். சிரசாசனத்தில் நெற்றியின் மேற்பகுதி தரையில் அழுந்தவும் செய்யும். சூரிய நமஸ்காரத்தில் ஒவ்வொரு சுற்றிலும் தலை பல முறை கீழே போய் வருகிறது. நெற்றியைத் தரையில் வைத்து ஓய்வெடுக்கும் நிலை பார்க்க எளிது, ஆனால் ஊசி போட்ட இடத்தின் மேலேயே உடம்பின் பாரம் உட்காருகிறது. கபாலபாதியும் பஸ்திரிகாவும் மூச்சை வேகமாக உந்தித் தள்ளும் வகை. இவை அத்தனையும் மறுநாளைக்கு. உட்கார்ந்து செய்யும் நிதானமான மூச்சுப் பயிற்சிக்குத் தடையில்லை. ஜிம்மில் படுத்துச் செய்யும் பெஞ்ச் பிரஸ், குப்புறப் படுத்துச் செய்யும் முதுகுப் பயிற்சிகள், நுரை உருளையில் புரள்வது இவற்றுக்கும் இதே விதிதான். பயிற்சி முடிந்து மசாஜுக்குப் போகிறவர்கள் கவனிக்க: மசாஜ் மேசையில் முகம் வைக்கும் அந்த ஓட்டையின் விளிம்பு சரியாக நெற்றியிலும் கன்னத்திலும்தான் அழுந்தும், அதுவும் முக்கால் மணி நேரம்.

நீச்சல்காரர்களுக்குத் தண்ணீரால் கேடில்லை. கண்ணாடியால்தான். நீச்சல் கண்ணாடியின் ரப்பர் வளையம் எங்கே உட்காருகிறது என்று விரலால் தடவிப் பாருங்கள். மேல் விளிம்பு புருவ எலும்பின் மேல், வெளி விளிம்பு கண்ணோரக் கோட்டின் மேல். பட்டை நெற்றிப் பொட்டைச் சுற்றிப் போகிறது. கழற்றிய பிறகும் அரை மணி நேரம் அந்த வளையத் தடம் முகத்தில் நிற்கிறதே, அவ்வளவு அழுத்தம். ஒரு நாள் கட்டாயம் விட வேண்டும், நீலம் பாய்ந்திருந்தால் இரண்டு நாள். நெற்றியில் இறுக்கிக் கட்டும் வியர்வைப் பட்டை, இறுக்கமான நீச்சல் தொப்பி, கண்ணை மூடி மாட்டும் விளையாட்டுக் கருவி இவையும் அப்படியே. சைக்கிள் ஹெல்மெட்டை மட்டும் இந்தப் பட்டியலில் சேர்க்க மாட்டோம். ஹெல்மெட் போட முடியாது என்றால் அன்றைக்குச் சைக்கிள் ஓட்டாமல் இருக்க வேண்டுமே தவிர, ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு ஓட்டக் கூடாது.

இதுவரை சொன்னது மேல் முகத்துக்கு. கழுத்துக்கும் தோளுக்கும் போட்டுக்கொள்கிறவர்களுக்கு ஒரு நாள் விதி போதாது. இதைத்தான் ஜிம் பக்கம் யாரும் பேசுவதில்லை.

தோளின் மேல்புறத் தசையான டிரபீசியசைத் தளர்த்தி, கழுத்து நீளமாகத் தெரியட்டும் என்று இப்போது நிறையப் பேர் ஊசி போட்டுக்கொள்கிறார்கள். நெற்றித் தசை தளர்ந்தால் நெற்றி சுருங்காது, புருவம் முன்போல் உயராது, அவ்வளவுதான். டிரபீசியஸ் அப்படியில்லை. கையைத் தலைக்கு மேல் தூக்கும்போது தோள்பட்டை எலும்பை மேல்நோக்கித் திருப்பிக்கொடுப்பதில் அதற்குப் பெரும் பங்கு. அது தளர்ந்தால் எலும்பு போதிய அளவு திரும்பாது, தோள் மூட்டில் தசைநார் இடுக்கும், கழுத்தின் பின்பக்கத்துச் சிறு தசைகள் அந்தப் பாரத்தை வாங்கிக்கொண்டு பிடித்துக்கொள்ளும். இங்கே ஏமாற்றுவது காலம்தான். மூன்றாம் நாள் ஜிம்முக்குப் போனால் எல்லாம் பழையபடி இருக்கும், வழக்கமான எடை வழக்கம்போல் ஏறும். பன்னிரண்டாம் நாள் அதே எடையைத் தலைக்கு மேல் தூக்கும்போது ஒரு தோள் பாதியில் நின்றுவிடும். ஆபத்து முதல் நாளில் இல்லை, இரண்டாம் வாரத்தில் இருக்கிறது. எனவே தோளில் ஊசி போட்டவர்கள் முதல் வாரக் கடைசியிலிருந்தே தலைக்கு மேல் தூக்கும் எடையைப் பாதியாக்குங்கள். பார்பெல்லை விட்டு, தேவைப்பட்டால் பக்கத்தில் போட்டுவிடக்கூடிய டம்பெல்லுக்கு மாறுங்கள். இரண்டு கையையும் வெறுங்கையாக மேலே தூக்கிக் கண்ணாடியில் பாருங்கள். ஒன்று தாழ்ந்தோ தாமதித்தோ ஏறினால் அன்றைக்கு எடையே வேண்டாம். இந்தப் பலவீனம் வாரக் கணக்கில் நீடிக்கும் என்பதால், எடை தூக்கும் போட்டிக்கு ஆயத்தமாகிறவர்கள் இந்த ஊசியையே நினைக்க வேண்டாம் என்பது எங்கள் கருத்து. கெண்டைக்கால் மெலிய ஊசி போட்டுக்கொள்ளும் ஓட்டக்காரருக்கும் இதையேதான் சொல்வோம். எந்தத் தசை தரையை உதைத்து உடம்பை முன்னே தள்ளுகிறதோ அதையே தூங்கவைத்துவிட்டு ஓடுவதில் என்ன இருக்கிறது?

கழுத்தின் முன்பக்கப் பட்டைகளுக்குப் போடும் ஊசியில் வேறு சிக்கல். அந்தத் தசை ஒரு துணிபோல மெல்லியது, அதற்கு அடியிலேயே விழுங்கும் தசைகளும் தலையை முன்னே தூக்கும் தசைகளும் இருக்கின்றன. மருந்து கொஞ்சம் ஆழமாகப் போனாலும் தலையணையிலிருந்து தலையைத் தூக்கவே சிரமமாகும். மனிதத் தலையின் எடை ஏறத்தாழ 5 கிலோ. படுத்து எழும் வயிற்றுப் பயிற்சி ஒவ்வொன்றிலும் அந்த 5 கிலோவைக் கழுத்துதான் தாங்குகிறது. இரண்டு வாரம் வரை வயிற்றுக்கு, முழங்கையை ஊன்றி உடம்பைப் பலகைபோல் நிறுத்தும் பிளாங்க் வகைப் பயிற்சி போதும், சிரசாசனம் வேண்டாம். ஓட்டத்தின் நடுவே தண்ணீர் குடிக்கும்போது நின்று, சிறு வாயாகக் குடியுங்கள். குடிக்கும் தண்ணீர் அடிக்கடி புரையேறினால் அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். தாடைத் தசைக்குப் போட்டவர்களுக்கு இவ்வளவு தொல்லை இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு எடை தூக்கும் பழக்கம் உள்ளவர்களுக்குக் கடி பழையபடி இறுகாது, தாடை சீக்கிரம் அலுக்கும், அவ்வளவுதான்.

பயிற்சி செய்கிறவர்களுக்கே உரிய இன்னொரு விஷயம் மாத்திரை. தசைவலிக்கு ஐபுபுரூஃபன் போடுவதும் தினம் மீன் எண்ணெய்க் குளிகை விழுங்குவதும் ஜிம்மில் சர்வசாதாரணம். இரண்டுமே ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தி ரத்தக்கட்டைக் கூட்டக்கூடியவை. ஊசிக்கு முன்பே இவற்றை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். ஊசிக்குப் பிறகு தலைவலி வருவது உண்டு, அதற்கு பாராசிட்டமால் போதும். இதய நோய்க்காக ஆஸ்பிரினோ ரத்தம் உறையாமல் இருக்க வேறு மருந்தோ எடுப்பவர்கள் ஒரு சுருக்கத்துக்காக அதைத் தாங்களாக நிறுத்தக் கூடாது. கொஞ்சம் நீலம் பாய்ந்தால் பாயட்டும்.

நாளைத் திட்டமிட்டாலே பாதிப் பிரச்சினை இல்லை. காலையில் பயிற்சியை முடித்து, உடம்பு ஆறி, குளித்து, மாலையில் ஊசி போட்டுக்கொண்டால் மறுநாள் காலைப் பயிற்சி ஒன்றை மட்டும் விட்டால் போதும். வாரத்தில் ஓய்வு நாளுக்கு முந்தைய மாலை இன்னும் பொருத்தம். மாரத்தானோ போட்டியோ இருந்தால் அதற்குக் குறைந்தது மூன்று வாரம் முன்பே முடித்துக்கொள்ளுங்கள். இமைச்சரிவு வருவதானால் பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் தெரிந்துவிடும். பாதி மூடிய கண்ணோடு போட்டியில் நிற்க வேண்டியிருக்காது.

இமைச்சரிவு என்றதும் பழி யார் மேல் என்ற பேச்சும் வருகிறது. இமை சரிந்து திரும்பி வருகிறவரிடம் கேட்கப்படும் முதல் கேள்வி, 'ஜிம்முக்குப் போனீர்களா?' என்பதாக இருக்கிறது. போனேன் என்று சொன்னால் அத்தோடு விசாரணை முடிந்தது. இது நேர்மையில்லை. புருவ நடுக்கோட்டுக்கான அனுமதிக்கு முன் நடந்த ஆய்வுகளில், தேர்ந்த கைகள் அளந்து போட்ட ஊசியிலேயே 100க்கு 3 பேருக்கு இமைச்சரிவு வந்தது. எந்தப் புள்ளியில் போட்டோம், எத்தனை யூனிட், எவ்வளவு நீரில் கலந்தோம் என்பவைதான் மருந்து எங்கே போகும் என்பதைப் பெரிதும் தீர்மானிக்கின்றன. ஒரே அளவு மருந்தை இரண்டு மடங்கு நீரில் கலந்தால் அதே யூனிட்டுக்கு இரண்டு மடங்கு நீர் உள்ளே போகும், பரவும் வட்டமும் பெரிதாகும். ஊசி போடும் முன் மருந்தின் பெயர், மொத்த யூனிட், கலந்த நீரின் அளவு, புள்ளிகள் நான்கையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு நிறுவனத்தின் யூனிட்டும் இன்னொன்றின் யூனிட்டும் சமம் அல்ல. புருவ நடுக்கோட்டுக்கு போடாக்ஸில் 20 யூனிட் என்றால், இன்னொரு நிறுவனத்தின் டிஸ்போர்ட்டில் 50. எண்ணை மட்டும் கேட்டுவிட்டு வந்தால் பயனில்லை.

மறந்துபோய் அன்றைக்கே ஓடிவிட்டவர்கள் பதற வேண்டாம். நிறுத்துங்கள், நிமிர்ந்து உட்காருங்கள், உடம்பு ஆறட்டும். மருந்தைப் பழைய இடத்துக்குத் தள்ளலாம் என்று எண்ணி எதிர்த்திசையில் தடவாதீர்கள். பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. நான்காம் நாள் ஒரு புருவம் உயர்ந்து இன்னொன்று தாழ்ந்திருந்தால்கூட, 14ஆம் நாள் வரை பொறுத்த பிறகே திருத்த ஊசி பற்றிப் பேச வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் தளர்வதில்லை. உண்மையில் இமை சரிந்திருந்தால் ஆப்ராகுளோனிடின் போன்ற சொட்டு மருந்தைக் கண் மருத்துவர் தருவார். இமைக்குள் இருக்கும் இன்னொரு சிறு தசையை அது முடுக்கி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தூக்கும். மீதிக் குறை சில வாரத்தில் தானே தீரும். இமை பாதி மூடியிருக்கும் நாட்களில் சாலையில் சைக்கிள் வேண்டாம், ஜிம் சைக்கிள் போதும்.

முகத்தை அசைக்கவே கூடாது என்ற பயமும் தேவையில்லை. ஊசி போட்ட உடனே நெற்றியைச் சுருக்கி விரித்துப் பயிற்சி செய்தவர்களுக்கு விளைவு சுமார் ஒரு நாள் முன்னதாகவே தெரிந்தது என்று ஒரு சிறிய ஆய்வு காட்டியிருக்கிறது. கடைசி விளைவில் மாற்றமில்லை. விருப்பமிருந்தால் செய்யுங்கள். கை மட்டும் முகத்தில் படக் கூடாது. அடிக்கடி கடுமையாகப் பயிற்சி செய்கிறவர்களுக்கு மருந்து சீக்கிரம் தீர்ந்துவிடும் என்ற பேச்சும் உண்டு, அதை நம்பி ஓட்டத்தைக் குறைக்கும் அளவுக்குச் சான்று சேரவில்லை. சீக்கிரம் தீர்ந்ததாகத் தோன்றினாலும் 3 மாதத்துக்குள் மறு ஊசி வேண்டாம்.

ஒரே நாளில் ஃபில்லரும் சேர்த்துப் போட்டுக்கொண்டவர்களுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. அது இடத்தை நிரப்பும் கூழ். வீக்கம் அதிகம், பயிற்சிக்கு இடைவெளியும் நீளம். இரண்டில் எது நீண்ட கெடுவோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபில்லர் போட்ட இடம் வெளுத்தோ திட்டுத்திட்டாகக் கறுத்தோ கடுமையாக வலித்தால் மணிக்கணக்கில் காத்திருக்கக் கூடாது, உடனே போட்டவரிடம் போக வேண்டும்.

இன்னொன்று, பயிற்சிக் களைப்பு என்று தவறாக எண்ணிவிடக்கூடிய அறிகுறிகள். விழுங்கச் சிரமம், குரல் கம்முதல் அல்லது பேச்சு குழறுதல், ஒன்று இரண்டாகத் தெரிதல், ஊசி போடாத இடத்திலும் தசை சோர்தல், மூச்சுத் திணறல். இவை சில மணி நேரத்திலும் வரலாம், சில வாரம் கழித்தும் வரலாம். அழகுக்காகப் போடும் சிறு அளவில் அரிது. ஆனால் வந்தால் ஓய்வெடுத்துப் பார்ப்போம் என்று இருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போய், இன்ன தேதியில் இந்த ஊசி போட்டேன் என்று முதலில் சொல்ல வேண்டும். மயஸ்தீனியா கிரேவிஸ் போன்ற நரம்பு-தசை நோய் உள்ளவர்களும், கருவுற்றவர்களும், பாலூட்டுகிறவர்களும் ஊசிக்கே போகும் முன் மருத்துவரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும்.

தங்கள் குறிப்பில் 'ஒரு வாரம்' என்று இருக்கும் இடத்தை 'ஒரு நாள்' என்றும், 'எந்த உடற்பயிற்சியும்' என்பதைத் 'தம் கட்டும் பயிற்சி, தலைகீழ் நிலைகள், முகத்தில் அழுந்துபவை' என்றும் திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறோம். வியர்வை பற்றிய வரியை நீக்கிவிடலாம். இடம் மிஞ்சினால் அங்கே துண்டால் துடைக்காமல் ஒற்றி எடுக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தோல் மருத்துவர் ஒருவரும் இயன்முறை மருத்துவர் ஒருவரும்